பறக்கும் ரயிலும் அதன் கீழே இருந்த நிலமும்: சென்னை எம்.ஆர்.டி.எஸ். பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னைக் கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை ஓடும், எம்.ஆர்.டி.எஸ். எனப்படும் பறக்கும் ரயிலைப் பற்றிப் பேச்செடுத்தால், நிலையங்களின் இருட்டும் அழுக்கும்தான் முதலில் வரும். அந்தப் புகாரில் தவறில்லை. ஆனால் அது கதையின் பிற்பகுதி. இந்தத் தடத்தில் எதிர்பார்த்த கூட்டம் சேராததற்கான காரணங்கள் தூண் எழுப்புவதற்கு முன்பே, வரைபடத்தில் கோடு போட்டபோதே உருவாகிவிட்டன. ரயில் எங்கே ஓடும் என்று ஒரு துறை முடிவு செய்தது. அதன் பக்கத்தில் யார் வாழலாம், எவ்வளவு கட்டலாம் என்பது இன்னொரு துறையின் கோப்பில் இருந்தது. அந்த இடைவெளி என்னென்ன செய்தது என்பதை இங்கே ஆண்டு வரிசையில் பதிவு செய்கிறேன். இதில் வரும் திட்ட அதிகாரிகள், பொறியாளர்கள், கால்வாய்க் கரைக் குடும்பங்கள், பயணிகள் யாருக்கும் பெயர் தரவில்லை.

பின்னணி: கிழக்குப் பக்கம் ரயில் இல்லாத நகரம்

கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931இலேயே வந்துவிட்டது. அது எழும்பூர், மாம்பலம், கிண்டி வழியாக நகரின் மேற்குப் பக்கமாக இறங்குகிறது. அரக்கோணம், கும்மிடிப்பூண்டி தடங்களும் கிழக்கே எட்டிப் பார்ப்பதில்லை. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று மக்கள் நெருக்கமாக வாழ்ந்த பழைய பகுதிகளுக்கு டிராம் ஒரு துணையாக இருந்தது. 1953இல் டிராமும் நின்றபின் அவர்களுக்குப் பேருந்துதான் எல்லாம்.

1968 முதல் 1974 வரை மாநில அரசு நடத்திய மெட்ராஸ் பகுதிப் போக்குவரத்து ஆய்வு இந்தக் குறையைச் சரியாகவே பிடித்தது. 1971 கணக்கெடுப்பில் பெருநகர் பகுதியின் மக்கள்தொகை சுமார் 35 லட்சம். அண்ணா சாலையில் பேருந்துகள் பிதுங்கின. கிழக்குப் பக்கமாக வடக்கு–தெற்கில் ஒரு விரைவு ரயில் தடம் வேண்டும் என்ற யோசனை இந்தப் பின்னணியில் வந்ததுதான். அந்த யோசனையில் இன்றைக்கும் குறை சொல்ல எதுவும் இல்லை. அப்புறம் நடந்ததில்தான் இருக்கிறது விஷயம்.

இதே காலத்தில் நகரமைப்புப் பக்கமும் வேலை நடந்தது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) 1974இல் சட்டப்பூர்வ அமைப்பானது. முதல் பெருந்திட்டமும் வந்தது. எந்த நிலம் குடியிருப்பு, எது வணிகம், எது நிறுவனப் பகுதி என்று அது வகுத்தது. பறக்கும் ரயில் ரயில்வேயின் திட்டம். பெருந்திட்டம் மாநிலத்தின் ஆவணம். இரண்டும் ஒரே ஊரைப் பற்றியவை, ஒரே காலத்தவை. ஆனால் இந்த நிலையத்தைச் சுற்றி இத்தனை பேர் குடியேற இடம் தருகிறோம் என்று ஒன்றின் கணக்கு மற்றொன்றுக்குள் போகவில்லை.

முதல் முடிவு: கால்வாய் வழியே போகலாம்

மயிலாப்பூருக்கு ரயில் விட வேண்டும் என்றால், கச்சேரி சாலை மாதிரியான நெருக்கடியான தெருக்களுக்கு நடுவே நிலம் எடுக்க வேண்டும். வீடுகளை இடிக்க வேண்டும், வழக்குகளைச் சந்திக்க வேண்டும். பக்கத்திலேயே பக்கிங்காம் கால்வாய் கிடந்தது. 1960களின் புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து படுத்துவிட்டது. நகருக்குள் அது சாக்கடை நீரைச் சுமக்கும் வாய்க்காலாக மாறியிருந்தது. நிலம் அரசுடையது, நேர்க்கோட்டில் ஓடுகிறது, யாருக்கும் இழப்பீடு தர வேண்டியதில்லை. பொறியாளர்கள் அதைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. கையில் அன்றைய நிதியை வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதே கோட்டைத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கடற்கரையிலிருந்து பார்க் டவுன் வரை தரையில், சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து தூண்கள் மேல் என்று தடம் அமைந்தது. புறநகர் ரயிலில் ஓடும் அதே அகலப்பாதை வண்டிகள்தான் இங்கும். நீளமான நடைமேடை, கனமான கட்டுமானம், அதற்கேற்ற பிரம்மாண்டமான நிலையங்கள். நிலையக் கட்டடத்தில் கடைகளும் அலுவலகங்களும் வரும், வாடகை கிடைக்கும் என்ற எண்ணமும் அதில் இருந்தது.

நிலையத்தை நடுவில் வைத்து, நடந்து வரக்கூடிய தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். சேப்பாக்கத்தில் அந்த வட்டத்துக்குள் பல்கலைக்கழகம், அரசு அலுவலகங்கள், கிரிக்கெட் மைதானம். மைதானம் ஆட்டம் நடக்கும் நாளில் மட்டும் நிறையும். கலங்கரை விளக்கம் பக்கம் கிழக்கே கொஞ்சம் நடந்தால் கடல். கடலிலிருந்து யாரும் ரயிலேற வரமாட்டார்கள். பசுமைவழிச் சாலையில் அமைச்சர்களின் பங்களாக்களும் பெரிய தோட்டங்களும். கஸ்தூரிபா நகரிலிருந்து தரமணி வரை மேற்குப் பக்கம் பெரும்பாலும் கல்வி, ஆராய்ச்சி வளாகங்களின் மதில். அதுவும் போக, நிலையத்தை ஒட்டியே ஓடும் கால்வாய், மறுகரை ஆட்களைப் பாலம் இருக்கும் இடம் வரை சுற்ற வைக்கிறது. எளிதில் கிடைக்கும் நிலம் என்பதற்கு அர்த்தமே அங்கே ஆட்கள் அதிகம் இல்லை என்பதுதான். நிலம் எடுக்கும் செலவில் மிச்சம் பிடித்ததைப் பயணிகளின் எண்ணிக்கையில் கொடுத்துத் தீர்க்கிறோம்.

1995–1997: முதல் கட்டம், முதல் பாடம்

1995 நவம்பரில் கடற்கரை–சேப்பாக்கம் ஓடத் தொடங்கியது. 1997 அக்டோபரில் திருமயிலை வரை நீண்டது. இடையில் வர வேண்டிய முண்டகக்கண்ணி அம்மன் கோயில் நிலையம் 2014இல்தான் திறந்தது. நெருக்கமான தெருக்கள் கொண்ட அந்தப் பகுதி மக்கள் தலைக்கு மேல் ரயில் போவதைப் பதினாறு ஆண்டுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆரம்ப ஆண்டுகளில் வண்டிகள் ஏறக்குறைய காலியாக ஓடின. மயிலாப்பூர்க்காரர் ஒருவர் பாரிமுனை போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லஸ் முனையில் பேருந்து நிறுத்தம், அங்கிருந்து தள்ளி ரயில் நிலையம். கால்வாய் ஓரமாக நடந்து, நிலையத்தின் உயரமான கூடத்துக்குள் நுழைந்து, படிகள் ஏறி, பிறகு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். கடற்கரையில் இறங்கி மறுபடி நடக்க வேண்டும். வாசலில் நிற்கும் பேருந்து அவரை இறங்க வேண்டிய தெருவிலேயே விட்டுவிடும். ரயிலுக்குள் கழிக்கும் நேரம் குறைவுதான், ஆனால் வீட்டிலிருந்து வேலையிடம் வரை கூட்டிப் பார்த்தால் பேருந்தே ஜெயித்தது. மந்தைவெளியிலும் பேருந்து நிலையம் ஓரிடம், ரயில் நிலையம் வேறிடம். மாநகரப் பேருந்துச் சீட்டும் ரயில் சீட்டும் தனித்தனி.

அடுத்தடுத்து நடந்த நகர ஆய்வுகளின் எண்களைப் பக்கத்தில் வைத்தால் இது தெரியும். 1970இல் மாநகரின் மொத்தப் பயணங்களில் ரயிலின் பங்கு சுமார் 11 சதவீதம். 1992இல் அது 4 சதவீதமாகச் சரிந்தது. வேளச்சேரி வரை தடம் முடிந்த பிறகு, 2008இல், 5 சதவீதம். அதே 1992–2008 இடைவெளியில் இருசக்கர வாகனத்தின் பங்கு 7இலிருந்து 25 சதவீதமாகப் பாய்ந்தது. பேருந்து 38இலிருந்து 26க்கு இறங்கியது. பேருந்திலிருந்து இறங்கியவர்கள் பறக்கும் ரயிலில் ஏறவில்லை, பைக் வாங்கினார்கள்.

இரண்டாவது முடிவு: தெற்கே நீட்டுவது

கூட்டம் இல்லாத தடத்தை நீட்டுவது சரியா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. குறுகிய தடம் என்பதால்தான் கூட்டம் இல்லை, முழுத் தடம் வந்தால் நிறையும் என்பது பதில். அந்த வாதத்தில் பாதி நியாயம் உண்டு. இரண்டாம் கட்டச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை மாநில அரசு ஏற்றது, மீதியை ரயில்வே. திருவான்மியூர் வரை 2004 ஜனவரியிலும் வேளச்சேரி வரை 2007 நவம்பரிலும் ரயில் ஓடத் தொடங்கியது. மொத்தம் சுமார் 19 கிலோமீட்டர்.

மாநிலம் இவ்வளவு பணம் போட்ட அந்தத் தருணம் முக்கியம். நிலப் பயன்பாடும் கட்டட விதியும் மாநிலத்தின் கையில்தான் இருந்தன. எல்லா நிலையங்களையும் சுற்றி, வளாகங்களின் பயன்படாத ஓரங்களிலாவது, குடியிருப்பும் கடையும் வருமாறு விதியை மாற்றியிருக்க முடியும். எஃப்.எஸ்.ஐ., அதாவது மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, அப்போது பொதுவாக 1.5. நிலைய வாசலில் உள்ள மனைக்கும் மூன்று கிலோமீட்டர் தள்ளி உள்ள மனைக்கும் அதே அளவுதான் இருந்தது. 2008இல் வந்த இரண்டாவது பெருந்திட்டத்தில்தான் எம்.ஆர்.டி.எஸ். செல்வாக்குப் பகுதி என்று ஒன்றைக் குறித்து, சிறிய வீடுகளுக்குக் கொஞ்சம் சலுகை கொடுத்தார்கள். அதற்குள் பக்கத்து மனைகள் பலவற்றில் மூன்று மாடி, நான்கு மாடி அடுக்ககங்கள் எழுந்துவிட்டன. புதிதாகக் கட்டியதை யாரும் அடுத்த ஆண்டே இடிக்கமாட்டார்கள். அந்தச் சந்தர்ப்பம் ஒரு தலைமுறைக்குத் தள்ளிப் போனது.

மறுபக்கம், தகவல் தொழில்நுட்பக் கட்டடங்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாகக் கட்டும் அனுமதி கிடைத்தது. அவை ரயில் தடத்தை விட்டு விலகிச் செல்லும் பழைய மாமல்லபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) ஓரமாக வரிசையாக எழுந்தன. திருவான்மியூரைத் தாண்டியதும் ரயில் மேற்கே தரமணி, வேளச்சேரி என்று திரும்புகிறது. வேலைவாய்ப்போ தெற்கே பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று நடந்துவிட்டது. பெருங்குடி என்று பெயர் கொண்ட நிலையம்கூட ஓ.எம்.ஆரில் உள்ள பெருங்குடியில் இல்லை. அது உள்ளே தள்ளி, சதுப்பு நிலத்துப் பக்கம் இருக்கிறது. வெளியூரிலிருந்து நேர்காணலுக்கு வருபவர்கள் இதில் ஏமாந்து ஆட்டோ பிடிப்பது வாடிக்கை.

தற்செயலாக வேலை செய்த ஓரிடம்

இந்தத் தடத்தில் நிலமும் ரயிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று காட்டிய இடம் திருவான்மியூர். நிலையத்துக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் டைடல் பார்க் என்ற தகவல் தொழில்நுட்ப வளாகம். சுமார் 12 லட்சம் சதுர அடி, 2000இல் திறந்தது. ரயில் வந்தது அதற்கு நான்கு ஆண்டு கழித்து. ஒன்றுக்காக மற்றொன்றைத் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் தடத்தின் பரபரப்பான நிலையங்களில் ஒன்றாக அது ஆனது.

வேலைநாள் காலையில் அங்கே நின்று பார்த்தால் போதும். வண்டி வந்ததும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கூட்டம் ஒரே படிக்கட்டில் இறங்குகிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கும் இளைஞர்கள், வடசென்னையிலிருந்து வண்டி மாறி வருபவர்கள், தரமணிக் கல்லூரிகளுக்குச் செல்ல வேண்டியவர்கள். வெளியே வந்தால் சோழிங்கநல்லூர், நாவலூர் என்று கூவும் ஷேர் ஆட்டோக்கள், கம்பெனி வேன்கள். மீதிப் பேர் இடைவிடாமல் வாகனம் பாயும் ஓ.எம்.ஆரைக் குறுக்கே கடக்க வேண்டும். ரயிலுக்குக் கோடிக் கணக்கில் கொட்டிய பிறகு, கடைசி 200 மீட்டரில் பயணியைக் கையைக் காட்டி வண்டியை நிறுத்தி ஓட வைத்தோம். அப்படி இருந்தும் இவர்கள் ரயிலில் வருகிறார்கள் என்றால், வேலையிடம் நடக்கும் தூரத்தில் இருப்பது எவ்வளவு பெரிய ஈர்ப்பு என்று புரிந்துகொள்ளலாம்.

கரையில் இருந்தவர்கள்

கால்வாய்க் கரையில் உண்மையில் ஆட்களே இல்லை என்பது சரியில்லை. பட்டா இல்லாதவர்கள் இருந்தார்கள். வீட்டு வேலை, கட்டட வேலை, மீன், பூ வியாபாரம் என்று மயிலாப்பூரையும் அடையாறையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள். ரயில் தடம், கால்வாய் சீரமைப்பு, வெள்ளத் தடுப்பு என்று வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு காரணம் சொல்லி நகரின் நீர்நிலைக் கரைகளிலிருந்து இத்தகைய குடும்பங்களை அகற்றினார்கள். 2000 முதல் கண்ணகி நகரிலும், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தினார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள்.

போக்குவரத்துத் திட்டமிடுபவரின் கண்ணில் இதைப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். சொந்த வண்டி இல்லாத, வேலையிடத்துக்குத் தினமும் போயே ஆக வேண்டிய, ஐந்து ரூபாய்ச் சீட்டு பெரிய உதவியாக இருக்கும் மக்களை நிலையங்களின் பக்கத்திலிருந்து எடுத்து, ரயிலே இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்தோம். அவர்கள் பழைய வேலைக்கு வர இரண்டு பேருந்து மாற வேண்டும். பலர் வேலையை விட்டார்கள். 2021 மே மாதத்தில் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீங்கியது இந்தக் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் பேருந்தில் கழியும் நேரம் அப்படியேதான் இருக்கிறது.

கால்வாய்க்கும் நல்லது நடக்கவில்லை. தூண்கள் பல இடங்களில் நீரோட்டத்துக்குள்ளேயே நிற்கின்றன, அடியில் வண்டல் சேர்கிறது. 2008இல் மத்திய அரசு பக்கிங்காம் கால்வாயைப் படகுப் போக்குவரத்துக்கான தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவித்தபோது நகருக்குள் அந்தத் தூண்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தன. கோப்புகள் தனித்தனியாகப் பயணிப்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

2007க்குப் பிறகு

முதலில் நினைத்தது ஒரு வட்டத் தடம்: கடற்கரையிலிருந்து புறப்பட்டு வேளச்சேரி, பரங்கிமலை, வில்லிவாக்கம் வழியாக வடக்கே எண்ணூர் வரை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர்தான். அதை முடித்தால் தாம்பரம் ரயிலோடும், பின்னால் வந்த மெட்ரோவோடும் சேர்ந்துவிடும். வேலை தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கம் கடைசி 500 மீட்டருக்கான நிலம், இழப்பீட்டு வழக்குகளில் மாட்டியது. கால்வாயை விட்டு வெளியே வந்து, மக்கள் வாழும் தெருவுக்குள் நுழைந்ததும் சிக்கல் தொடங்கியதைக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் தவிர்த்த அதே சிக்கல்தான். 15 ஆண்டுகளுக்கு மேல் அந்த இணைப்பு இழுத்தது. வட்டத்தின் மேற்குப் பகுதிக்கு மெட்ரோ வந்துவிட்டதால் அதற்கு மேல் நீட்டும் யோசனையே கைவிடப்பட்டது.

இணைப்பு எவ்வளவு முக்கியம் என்று 2023 ஆகஸ்டு 27 முதல் இன்னொரு விதத்தில் தெரிந்தது. கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைப் பணிக்காக வண்டிகளைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாத வேலை என்றார்கள்; 2024 அக்டோபர் 29இல்தான் கடற்கரை வரை மறுபடி ஓடியது. அதற்குள் பலர் வேறு வழி பழகிவிட்டார்கள். தடத்தின் தென்கோடி எங்கும் சேராமல் இருந்த நிலையில் வடகோடியும் அறுந்தால் ரயில் எவ்வளவு வேகமாகப் போனாலும் பயனில்லை.

வழக்கமான நாட்களில் இந்தத் தடத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் பயணிக்கிறார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. திட்டம் எதிர்பார்த்ததோ பல மடங்கு. ஒரு லட்சம் பேரை இளக்காரமாகப் பேச நான் தயாரில்லை. இவ்வளவு குறைந்த கட்டணத்தில் நகரின் இரு முனைகளுக்கு இடையே போக வேறு வழி கிடையாது. ஆனால் நிலையக் கட்டடங்களில் கடைகளுக்காகக் கட்டிய தளங்கள் பலவும் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தன. பெரிய கூடம் கடைக்காரரைக் கொண்டுவரும் என்று நினைத்தார்கள். கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்துத்தான் வருவார். கூட்டத்துக்கு வழி செய்யாமல் கூடத்தை மட்டும் கட்டினோம். ஆளில்லாத தளம், விளக்கில்லாத மூலை, அதனால் மாலையில் பெண்கள் தவிர்க்கும் நிலையம் என்று அது சுழன்றது.

இப்போது எதை மாற்றலாம்

ஒருங்கிணைந்த பெருநகர் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இலேயே வந்தது. அமைப்பு உருப்படியாக இயங்கத் தொடங்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் சீட்டுகளை ஒன்றாக எடுக்க உதவும் சென்னை ஒன் செயலி 2025 செப்டம்பரில் வந்தது. அதே ஆண்டு பறக்கும் ரயிலைச் சென்னை மெட்ரோவோடு சேர்க்க ரயில்வே வாரியம் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. இதில் சீட்டு ஒன்றாவதும் வண்டி குளிர்சாதன வசதியோடு வருவதும் சுலபமான பகுதி. கடினமான பகுதி நிலையத்தைச் சுற்றிய அரை கிலோமீட்டர்.

தரமணியில் இரு பக்கமும் அரசு வளாகங்கள்தான். அந்த மதில்களில் நிலையத்தை நோக்கி ஒரு வாசல் திறந்தாலே நடைதூரம் பாதியாகும். அதற்கு நிலம் எடுக்க வேண்டாம், ஆணை போதும். கால்வாய்க்குக் குறுக்கே நடைபாலங்கள் போடுவது ஒரு நிலையத்தைப் புதுப்பிக்கும் செலவில் சிறு பங்குதான். பூட்டிய தளங்களைக் கடைக்குத்தான் தருவோம் என்று காத்திருக்காமல், பதிவு அலுவலகம், இ-சேவை மையம், பணிபுரியும் மகளிர் விடுதி என்று ஆள் வந்தே ஆக வேண்டியவற்றை அங்கே வைக்கலாம். எஃப்.எஸ்.ஐ.யைக் கூட்டுவதை மட்டும் தனியாகச் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடையாறில் அதைக் கூட்டினால் மூன்று கார் நிறுத்தும் ஆடம்பர அடுக்ககம்தான் வரும். அவர்கள் ரயிலேற மாட்டார்கள். கூடுதல் பரப்பில் ஒரு பங்கு சிறிய வீடாக இருக்க வேண்டும், கார் நிறுத்தும் இடத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்ற நிபந்தனையோடு கூட்டினால்தான் பலன்.

மாதவரம்–சிறுசேரி சிப்காட் மெட்ரோ தடம் இப்போது ஓ.எம்.ஆர். வழியாகக் கட்டப்படுகிறது. துரைப்பாக்கம், காரப்பாக்கம் நிலையங்கள் கண்ணகி நகருக்குப் பக்கம்தான், ஆனால் குடியிருப்பு பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கிருந்து நிலையத்துக்கு நடைபாதை, விளக்கு, விடியற்காலையிலேயே தொடங்கும் சிற்றுந்து ஆகியவை நிலையத்தின் மதிப்பீட்டுக்குள்ளேயே வர வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிடுவார்கள்; எட்டு மணிக்குத் தொடங்கும் இணைப்பு வண்டியால் அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை.